கரும்புத் தீவில் ஒரு பனியன்காரன்

வியாழன், மாஹேபூர்

திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறவர்களுக்கு மொரிஷியஸ் என்ற பெயர் தேனிலவு விளம்பரங்களில் வருவதற்கு முன்பே பழக்கம். தொண்ணூறுகளில் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையரிடம் விலை பேசி முடிக்கிற நேரத்தில், "இதே டி-ஷர்ட்டை மொரிஷியஸில் எடுத்தால் எனக்கு ஐரோப்பாவில் வரியே கிடையாது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடுவார்கள். அப்புறம் எங்கே பேரம் பேசுவது? பஞ்சே விளையாத ஒரு குட்டித் தீவு எப்படி நமக்குப் போட்டியாக வந்து நின்றது என்று அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் கடுப்பும் கொஞ்சம் ஆர்வமும் உண்டு. இப்போதுதான் நேரில் பார்க்க வாய்த்தது. வீட்டம்மாவுக்குக் கடற்கரை, எனக்குக் கரும்பும் கார்மென்ட்ஸும் என்று ஊரிலேயே பேசி முடித்துக்கொண்டு கிளம்பினோம்.

விமானம் தாழ இறங்கும்போது ஜன்னலில் தெரிவது கடல், அப்புறம் கரும்பு, அப்புறம் மறுபடி கரும்பு. முக்கியத் தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மக்கள் 12 லட்சத்துச் சொச்சம்.

விமான நிலையத்தில் பணம் மாற்றினோம். கையில் வந்த நோட்டில் தமிழ் எழுத்து! இது தெரிந்த செய்திதான் என்றாலும், விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்ப்பது வேறு. ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்குக் கீழே இந்தி. 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், கடைசியில் அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. நூறு ரூபாயில் இருப்பவர் ஒரு தமிழர், வழக்கறிஞர் ரங்கநாதன் சீனிவாசன். தொழிற்கட்சியின் பெரிய தலைகளில் ஒருவர், விடுதலைக்குப் பத்து ஆண்டு முன்பே, 1958இல் காலமாகிவிட்டார். ஆயிரம் ரூபாயில் கெய்தான் டுவால். பிரிட்டனிடமிருந்து விடுதலையே வேண்டாம் என்று நின்றவர் இவர். அவர் படத்தை, விடுதலை வாங்கித் தந்த முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலமின் இரண்டாயிரத்துக்கு அடுத்த பெரிய நோட்டில் போட்டிருக்கிறார்களே, ஏன்? ஓட்டுநரிடம் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

மாஹேபூருக்குப் போகிற வழியில் கரும்புக்காட்டுக்கு நடுவே கருங்கல் குவியல்கள். சில இடங்களில் படிப்படியாக, கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். எரிமலை கக்கிய கல். ஒவ்வொன்றையும் யாரோ குனிந்து எடுத்து, தலையில் தூக்கி, ஓரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அங்கே கரும்பு ஊன்ற மண் கிடைத்திருக்கிறது. முதலில் அடிமைகள், பிறகு கூலிகள். வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை.

சாயங்காலம் கடற்கரை. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற ஜப்பானியக் கப்பல் இங்கே பக்கத்தில்தான் பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. உள்ளூர் ஜனங்கள் அரசாங்கத்துக்குக் காத்திருக்காமல் கரும்புச் சோகையைத் துணிக்குழாய்களில் அடைத்து, கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். சுற்றுலாவை நம்பி வாழ்கிற கரையைக் காப்பாற்றப் பழைய பிழைப்பின் சோகைதான் கைகொடுத்தது. இப்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வீட்டம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியவர், இருட்டுகிற வரை ஏறவில்லை.

வெள்ளி, போர்ட் லூயி

தலைநகரத்துத் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். போகிறவர்கள் எல்லாம் அந்தப் பதினாறு படிகளைப் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். கப்பலிலிருந்து இறங்கிய கூலிகள் ஏறிய படிகள்.

1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்து இறங்கினார்கள். மூன்று மாதத்தில், 1835 பிப்ரவரி 1 அன்று, இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. அடிமைகளை விடுவித்ததற்காக முதலாளிகளுக்குப் பிரிட்டிஷ் அரசு இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தது. விடுதலை பெற்றவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அந்தப் பணத்தில் கொஞ்சம் கூலிகளைக் கொண்டுவரவும் ஆலை போடவும் பயன்பட்டது. அதன்பின் 1920 வரைக்கும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து வந்தார்கள். பெரும்பாலோர் பீகார் பக்கம், நம் பக்கத்திலிருந்தும் கணிசமாக. தமிழர்கள் இதற்கு முன்பே இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1735இல் ஆளுநராக வந்த லா போர்டொனே இந்த நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டி வந்திருக்கிறார்.

மதியம் சந்தை. பருப்பு வடையை நெல்லிக்காய் அளவுக்குச் சுருக்கிப் போட்டு 'காத்தோ பிமான்' என்கிறார்கள். ரொட்டிக்குள் வைத்துக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். மிளகாய் கொஞ்சம் தூக்கல். எனக்கு ஆறு, வீட்டம்மாவுக்கு நாலு.

சாயங்காலம் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில். ஊரில் 'கைலாசோன்' என்றால்தான் தெரிகிறது. அர்ச்சனை தமிழில். பிராகாரத்தில் பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில். தைப்பூசத்துக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை என்று அங்கே ஒரு பெரியவர் எங்களிடம் இரண்டு தடவை சொன்னார், ஆங்கிலத்தில்.

சனி, ஷான் டி மார்ஸ்

இன்றைக்குக் குதிரைப் பந்தயம். மூன்று பக்கமும் மலை, நடுவில் புல்வெளி, சுற்றிலும் ஓட்டப்பாதை. போர்ட் லூயி நகருக்குள்ளேயே 1812இல் தொடங்கிய மைதானம். ஓட்டுநர் பந்தயப் பிரியர், எங்களைக் காட்டிவிட்டு அப்படியே தானும் இருந்துவிட்டார்.

இந்தப் புல்வெளியில்தான் 1968 மார்ச் 12 அன்று பிரிட்டிஷ் கொடி இறங்கி, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டைக் கொடி ஏறியது. மார்ச் 12 காந்தி தண்டிக்குப் புறப்பட்ட தேதி. 1901இல் காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இந்தத் தீவில் சில நாள் தங்கியிருக்கிறார்.

விழா என்று சொன்னால் பெரிய கோலாகலம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால்தான், ஜனவரியில், இந்த நகரத்தில் கிரியோல்களுக்கும் (அடிமைகளின் வம்சத்தில் வந்தவர்கள்) முஸ்லிம்களுக்கும் நடுவில் கலவரம் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். அவசரநிலை அறிவித்து, பிரிட்டிஷ் படையை வரவழைத்து அடக்கினார்கள். விழாவுக்கு வருவதாக இருந்த இளவரசி அலெக்சாண்ட்ராவின் பயணமும் ரத்து. தெருத்தெருவாக ஜனங்கள் வீடு மாற்றிக்கொண்டார்கள். அப்போது பிரிந்த பேட்டைகள் இன்றைக்கும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன என்றார் ஓட்டுநர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1967 ஆகஸ்ட் 7 அன்று நடந்த தேர்தல்தான் விடுதலையா இல்லையா என்பதற்கான ஓட்டு. ஒரு பக்கம் ராம்கூலமின் தொழிற்கட்சியும் கூட்டாளிகளும். மறுபக்கம் டுவாலின் கட்சி. ராம்கூலம் கூட்டணிக்கு 39 இடம், டுவாலுக்கு 23. ஓட்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 44 பேர் அளவில் 'வேண்டாம்' பக்கம். வெள்ளைக்காரன் போனால் இந்திய வம்சாவளிப் பெரும்பான்மை தங்களை விழுங்கிவிடும் என்பது கிரியோல்களின் பயம். தமிழரிலும் முஸ்லிம்களிலும் சீனரிலும்கூட அந்தப் பயம் இருந்தது.

"எங்கப்பா வேண்டாம்னுதான் குத்தினார், மிஸ்யே," என்றார் ஓட்டுநர். "சித்தப்பா பெட்டியைக் கட்டிக்கிட்டு பெர்த்துக்குப் போயிட்டார். கறுத்த எங்களை ஆஸ்திரேலியாவில சேர்த்துக்குவாங்களான்னு அப்பாவுக்குச் சந்தேகம். இருந்துட்டார்."

நான் ஆயிரம் ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டி, "இவருக்கு எப்படி இந்த மரியாதை?" என்றேன்.

"அவர் எங்க ராஜா," என்று சிரித்துவிட்டு, அடுத்த குதிரையைப் பார்க்கப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். விடுதலை கிடைத்த மறு ஆண்டே ராம்கூலம் டுவாலைக் கூட்டணிக்குள் இழுத்துக்கொண்டார். விடுதலையே வேண்டாம் என்றவர் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர்! வெள்ளைக்காரச் சர்க்கரை முதலாளிகளும் பிரான்சும் டுவாலுக்கு நெருக்கம். ஐரோப்பாவில் சர்க்கரை விற்க வேண்டுமானால் அந்தக் கதவு ராம்கூலமுக்குத் தேவை. இந்த ஊர் அரசியல் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது இங்கேதான். தோற்றவனைத் தெருவில் விடுவதில்லை. சட்டமே அப்படி: தேர்ந்தெடுக்கப்பட்ட 62 பேருக்கு மேல், தோற்றவர்களில் நல்ல ஓட்டு வாங்கிய 8 பேர் வரை, எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைகிறதோ அதைப் பார்த்து உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். இனக்கணக்கை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைப்பது நல்லதா என்று இங்கேயும் சண்டை உண்டு. ஆனால் 1968க்குப் பிறகு ஆட்சி மாறியதெல்லாம் ஓட்டால்தான், ஒரு தடவைகூடத் துப்பாக்கியால் இல்லை. இதற்காகச் சில நல்ல காரியங்களைத் தள்ளிப்போட்டதும் உண்டு. 1972இல் நடந்திருக்க வேண்டிய தேர்தலை 1976 வரை இழுத்தார்கள். அந்தக் கூட்டணியின் கறை அது.

இன்னொரு விலையும் உண்டு. 1965 செப்டம்பரில் லண்டனில் பேச்சுவார்த்தை. பிரதமர் ஹரோல்டு வில்சன் ராம்கூலமைத் தனியாகச் சந்திக்கும் முன் அவருடைய செயலர் எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. நம்பிக்கையைக் காட்டியே அவரைப் பயமுறுத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மொரிஷியஸோடு சேர்ந்திருந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தால் விடுதலை வரலாம், முரண்டு பிடித்தால் வராமலும் போகலாம். மொரிஷியஸ் தரப்பு அமெரிக்காவில் சர்க்கரைக் கோட்டா கேட்டுப் பார்த்தது. கிடைக்கவில்லை. கிடைத்தது 30 லட்சம் பவுண்டு. நவம்பர் 8 அன்று தீவுகள் பிரிந்தன, அவற்றில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வந்தது. அங்கே தலைமுறைகளாகத் தேங்காய்த் தோட்டங்களில் உழைத்த ஆயிரத்து ஐநூறு பேருக்கும் மேல் 1973க்குள் கப்பலேற்றி அப்புறப்படுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்த போர்ட் லூயியின் சேரிகளுக்கு. சர்வதேச நீதிமன்றம் 2019இல் 13க்கு 1 என்று பிரிட்டன் செய்தது தவறு என்றது. 2025 மே 22 அன்று தீவுகளைத் திருப்பித் தர ஒப்பந்தம் கையெழுத்தானது. டியேகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகைக்குப் பிரிட்டனிடமே. கையெழுத்தான பிறகும் லண்டனில் எதிர்ப்பு ஓயவில்லை.

ஓட்டுநர் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தே குதிரை ஓடவில்லை என்று தெரிந்தது.

ஞாயிறு, வடக்குப் பக்கம்

பெல் வியூவில் ஒரு விளையாட்டு அரங்கம். பெயர் அஞ்சலை. பெயரைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வியூ ஹரல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுக் கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். போலீஸ் சுட்டது. அஞ்சலை குப்பன் உட்பட நால்வர் செத்தார்கள். அஞ்சலை அப்போது கர்ப்பிணி. பக்கத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கிறது. இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான். ஒரு லாரி நிறையக் கரும்பு எங்களைத் தாண்டிப் போனது.

இந்தச் சாவுக்கு அப்புறம்தான் ஓட்டுரிமை விரிந்தது. அதுவரை சொத்துள்ளவனுக்குத்தான் ஓட்டு. 1948இல், தெரிந்த ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். ஐநூறு ரூபாய் நோட்டில் இருக்கும் சுக்தேவ் பிசூன்தயாளும் அவர் அண்ணனும் ஆட்களைத் திரட்டி, ஊர் ஊராக ராத்திரிப் பள்ளி நடத்திக் கூலிகளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தேர்தலோடு தோட்ட முதலாளிகளின் சட்டசபை முடிந்தது.

பாம்பிள்மூஸ் தோட்டத்தில் பெரிய அல்லி இலை, ராம்கூலம் சமாதி. பக்கத்திலேயே 1999இல் மூடிய சர்க்கரை ஆலையை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். கடைசியில் விதவிதமான சர்க்கரையைச் சின்னக் கரண்டியில் தருகிறார்கள். கறுப்பு மஸ்கோவாடோவை வாயில் போட்டால் கவுந்தப்பாடி ஆலைக்கொட்டகையில் பாகு இறக்கும் வாசம். வீட்டம்மா, "இதுக்கு எதுக்குங்க இத்தனை விலை, நம்மூரு நாட்டுச்சக்கரைதானே," என்று திருப்பி வைத்துவிட்டார். ஆனால் மொரிஷியஸ் சர்க்கரைத் தொழில் இன்று உயிரோடிருக்க இந்த விலைதான் ஒரு காரணம். சாதாரண வெள்ளைச் சர்க்கரையில் பிரேசிலோடு மோத முடியாது. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது இன்னொரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருநூறுக்கும் மேல் இருந்த ஆலைகள் இப்போது மூன்று.

விடுதலைக்கு முன் ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சர்க்கரை ஒன்றுதான். 1960இல் கரோல் புயல் அடித்து அதையும் சாய்த்தது. மறு வருடம் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் (பின்னாளில் நோபல் வாங்கியவர்) வந்து பார்த்துவிட்டு எழுதினார்: மலேரியா ஒழிந்துவிட்டது, ஜனம் பெருகுகிறது, நிலம் இல்லை, வேலை இல்லை, இங்கே அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு குறைவு. தோற்றுப்போன ஜோசியம் என்று இன்றைக்கு எல்லாரும் அவரைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆலை வேலையைப் பெருக்கு, குடும்பக் கட்டுப்பாட்டை எடுத்துச் செல் என்று அவர் சொன்னவற்றில் பாதியை இவர்கள் செய்தார்கள். பிழைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

திங்கள், குரேப்பிப்

மேட்டுநிலம், தூறல், குளிர். இன்றைக்கு நான் வந்த வேலை.

தங்கியிருக்கும் விடுதிக்காரம்மா தமிழ் வம்சாவளி. தேவாரம் இரண்டு தெரியும், பேச வராது. வீட்டம்மா அவரை அக்கா என்று கூப்பிட, அது ஒன்று அவருக்குப் புரிந்துபோய் அன்றிலிருந்து தனி கவனிப்பு. காலையில் டீ கொண்டுவந்தவர், வீட்டம்மா போட்டிருந்த ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பட்டைக்கும் உடலுக்கும் நடுவில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே ஒரு கண்ணி விட்டிருக்கிறது" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஒரே ஒரு கண்ணி.

லிங்கிங் மெஷினில் வேலை செய்தவர். பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் வட்டத்தில் இருக்கும் ஊசிமுனைகளில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். கண் போய்விடும். பதினேழு வயதில் ஃப்ளோரியல் பக்கம் ஒரு ஸ்வெட்டர் ஆலையில் சேர்ந்திருக்கிறார். எண்பதுகளின் ஆரம்பம். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து கூட்டிப்போகும். அவர் அம்மா அதுவரை கரும்புக்காட்டைத் தாண்டிப் போனதில்லை.

ஏற்றுமதி ஆலைகளுக்கான சட்டம் 1970இல் வந்தது. தைவான், சிங்கப்பூர், போர்ட்டோ ரிக்கோ மாதிரியைப் பார்த்துவிட்டு வந்து இங்கே இதற்காக வாதாடியவர் எடுவார் லிம் ஃபாட் என்ற சீன வம்சாவளிப் பேராசிரியர். வேலி போட்ட மண்டலம் எதுவும் கட்டவில்லை. தீவில் எங்கே ஆலை போட்டாலும் சலுகை உண்டு. ஊர் ஊராக ஷெட் எழும்பியது. சலுகை எல்லா ஆலைக்கும் பொது, கூலி மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது இல்லை. பெண்களுக்குக் குறைவு. இதைப் பெருமையோடு எழுதுகிற கட்டுரைகள் இந்த விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மூலதனம்? பாதி சர்க்கரைக்காரர்களுடையது. 1974இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை தாறுமாறாக ஏறியது. அந்தப் பணம் ஆலைகளுக்குள் வந்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவோடு சர்க்கரை ஒப்பந்தம். வருடா வருடம் சுமார் ஐந்து லட்சம் டன்னை, பெரும்பாலான வருடங்களில் உலக விலையைவிட நன்றாக உயர்ந்த விலைக்கு ஐரோப்பா வாங்கிக்கொள்ளும். பிரிட்டனின் பழைய காலனிகளில் இந்த ஒப்பந்தத்தில் பெரிய பங்கு இந்தக் குட்டித் தீவுக்குத்தான். அரசு சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி போட்டது. பெரிய தோட்டத்துக்கு அதிகம். அந்தப் பணம் அரசுச் செலவுகளுக்கு ஆதாரமானது. 1977 முதல் உயர்நிலைப் பள்ளி வரை கல்வி இலவசம்.

மீதி மூலதனம் ஹாங்காங்கிலிருந்து. இங்கேதான் எனக்குப் பழைய கணக்கு நேரானது. அந்தக் காலத்தில் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன. திருப்பூரில் கோட்டா கிடைக்காமல் தவித்தவர்களும் உண்டு, ஒரு பீஸ்கூடத் தைக்காமல் கோட்டாவை விற்றே பங்களா கட்டியவர்களும் உண்டு. ஹாங்காங்காரனுக்குக் கோட்டா தீர்ந்துவிட்டது. மொரிஷியஸுக்கு ஐரோப்பாவில் கோட்டாவும் இல்லை வரியும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டான். கம்பளியையும் நூலையும் வெளியே வாங்கி, இங்கே பின்னி, 'மொரிஷியஸில் தயாரானது' என்று லேபிள் அடித்து அனுப்பினான். எண்பதுகளின் நடுவில் துணி ஏற்றுமதி சர்க்கரையைத் தாண்டியது. ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்றிருந்த தீவு, தொண்ணூறு வாக்கில் ஆள் கிடைக்காமல் தவித்தது. அப்புறம்தான் வங்காளதேசத்துக்காரர்களும் மலகாசிகளும் நம் ஆட்களும் தையலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

2004 டிசம்பர் 31உடன் கோட்டா முடிந்தது. அந்தப் புத்தாண்டு திருப்பூரில் எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். இனி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். இங்கே ஹாங்காங் கம்பெனிகள் கிளம்பிவிட்டன. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போயிற்று.

"எங்கள் ஆலையையும் மூடிவிட்டார்கள்," என்றார் விடுதிக்காரம்மா. வந்த நஷ்டஈட்டில் மாடியில் இரண்டு அறை எடுத்துக் கட்டினார். அதில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம்.

வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

செவ்வாய், எபேன்

குரேப்பிப்பிலிருந்து மெட்ரோ. லார்சன் அண்டு டூப்ரோ கட்டியது; 2022இல் குரேப்பிப் வரை நீண்டது. ரயில் சத்தமில்லாமல் போகிறது. கரும்புக்காட்டை அழித்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடங்கள் உள்ள இடம் எபேன்.

அடுத்த கோட்டா இங்கே இருக்கிறது. 1982இல் இந்தியாவுடன் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டார்கள். மொரிஷியஸில் பதிவான கம்பெனி இந்தியப் பங்கை வாங்கி விற்றால் லாபத்துக்கு இந்தியாவில் வரி இல்லை, மொரிஷியஸிலும் இல்லை. இந்தியா கதவைத் திறந்த தொண்ணூறுகளில் அது தங்கச் சுரங்கமானது. 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு இந்தத் தீவின் வழியாக. அதில் நம்மூர்ப் பணமே வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது எவ்வளவோ. வழக்குப் போட்டார்கள், 2003இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. 2016இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய பங்குகளுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

இந்தியக் குடிமகனாக எனக்கு இதில் எரிச்சல்தான். நாங்கள் பில் பில்லாக ஜிஎஸ்டி கட்டுகிறோம். ஆனால் தொழில்காரனாகப் பார்த்தால், சர்க்கரை விலையை ஐரோப்பா 36 சதவீதம் குறைத்தபோதும் சரி, 'காலவரையின்றி' என்று எழுதியிருந்த சர்க்கரை ஒப்பந்தத்தை 2009இல் முடித்துக்கொண்டபோதும் சரி, இவர்கள் கையில் அடுத்த சரக்கு தயாராக இருந்திருக்கிறது. அதை மறுக்க முடியாது.

கீழே ஒரு கடையில் டீ குடித்தோம். விலை அதிகம்.

புதன், மேற்குக் கரை

தாமரின் பக்கம் கடற்கரை. வீட்டம்மாவின் நாள், ஆகவே அதிகம் எழுதுவதற்கில்லை. தண்ணீர், மீன், வெயில்.

திரும்பும் வழியில் கரும்புக்காடு திடீரென்று முடிந்து, நீளமான வெள்ளை மதில். உள்ளே வில்லாக்கள். பிரெஞ்சில் பெரிய போர்டு. இந்த மாதிரித் திட்டத்தில் குறைந்தது 3,75,000 டாலருக்கு வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரர் குடும்பத்தோடு இங்கேயே குடியிருக்கலாம். கட்டுவது யார் என்று கேட்டால் பெரும்பாலும் அதே பழைய சர்க்கரைக் கம்பெனிகள்.

"ஏனுங்க, இங்கயும் காட்டைச் சைட்டாக்கிப் போட்டாங்களாட்டம்," என்றார் வீட்டம்மா. அவிநாசி ரோட்டைப் பார்த்தவர் ஆயிற்றே.

ஓட்டுநரின் மாமியார் கரும்புக்காட்டு வேலைக்காரர். ஆலைகளைக் குறைத்தபோது, விருப்ப ஓய்வில் போனவர்களுக்குப் பணத்தோடு ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் கொடுத்தார்கள். நம் கணக்கில் ஏழு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மாமியாருக்குக் கிடைத்தது இந்த மதிலுக்கு எதிர்ச்சாரியில். சின்ன வீடு, வாசலில் முருங்கை, பின்னால் இரண்டு ஆடு. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி எங்களுக்குக் காட்டினார்.

"இதையும் கேட்டு வந்திருப்பாங்களே?" என்றேன்.

"மூணு தடவை வந்துட்டாங்க, மிஸ்யே."

"அப்புறம்?"

"கிழவி இன்னும் விலை சொல்லல. போன வாரம் வந்தவன்கிட்ட, எதிர்ல ஒரு வீடு என்ன விலைக்குப் போகுதுன்னு எழுதிக் கொண்டா, அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டா."